டிஎல்எல் பைலில் வாசல் எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. ஒரு புரோகிராமை டபுள் கிளிக் செய்தால் சின்னப் பெட்டி ஒன்று வந்து, இன்ன டிஎல்எல் பைலில் இன்ன நுழைவிடம் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. உடனே பலர் அந்தப் பைலின் பெயரை இண்டர்நெட்டில் தேடி, எங்கிருந்தோ டவுன்லோட் செய்து, விண்டோஸ் போல்டருக்குள் போட்டுவிடுகிறார்கள்.

நானும் செய்தவன்தான். விண்டோஸ் 98 வைத்திருந்தபோது, ஒரு கேம் சிடியில் இருந்த டிஎல்எல் பைலை சிஸ்டம் போல்டரில் காப்பி செய்தேன். ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது. யெஸ் கொடுத்தேன். கேம் ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக் கணக்கு எழுதும் புரோகிராம் திறக்கவே இல்லை. இரண்டு வருடக் கணக்கு அதில் இருந்தது!

காரணத்தைப் பார்ப்போம். டிஎல்எல் என்பது பல புரோகிராம்கள் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு லைப்ரரி. உள்ளே நிறைய பங்ஷன்கள் இருக்கும். வெளியார் அழைக்கக்கூடியவை அவற்றில் சிலதான். எழுதுபவர் அந்தப் பங்ஷனின் முன்னால் கம்பைலருக்கு ஒரு குறிப்பு எழுதுவார். அதற்கு அட்ரிபியூட் என்று பெயர். விஷுவல் சி++ கம்பைலரில் டிஎல்எல்எக்ஸ்போர்ட் என்று எழுதினால் அந்தப் பங்ஷனுக்கு வெளியே ஒரு வாசல் கிடைக்கும். எழுதாவிட்டால் சாதாரணமாக வாசல் இல்லை. லினக்ஸில் இது தலைகீழ். அங்கே சும்மா விட்டால் எல்லாமே திறந்திருக்கும். 2005-ல் வந்த ஜிசிசி 4.0 கம்பைலரில், எல்லாவற்றையும் மறை என்று ஒரே ஆப்ஷனில் சொல்லிவிட்டு, வேண்டியதை மட்டும் விசிபிலிட்டி என்ற அட்ரிபியூட்டால் திறக்கும் வசதி வந்தது. மறைத்து வைத்ததை அடுத்த பதிப்பில் தாராளமாக மாற்றலாம், யாருக்கும் பாதிப்பில்லை. திறந்து வைத்ததை மாற்றினால் பழைய புரோகிராம்கள் வாசலில் வந்து முட்டிக்கொள்ளும்.

சி++ மொழியில் வாசலின் பெயர்ப்பலகையே நீளமானது. பங்ஷனுக்கு என்ன வகைத் தகவல் கொடுக்கிறோம் என்பதும் அதில் இருக்கும். 'இன்ட்' என்பதை 'லாங்' என்று மாற்றினால் போதும், பெயர் மாறிவிடும், அந்தப் பிழைப் பெட்டி வந்துவிடும்.

இதைவிட மோசமானது, பெயர் மாறாமல் உள்ளமைப்பு மட்டும் மாறுவது. பெட்டி வராது, புரோகிராம் தப்பும் தவறுமாக ஓடும். 2015-ல் ஜிசிசி 5 வந்தபோது எழுத்துகளை வைக்கும் ஸ்டிரிங் என்பதன் அமைப்பு மாறியது. ஆனால் ஒரு சாதாரண பங்ஷன் எதைத் திருப்பித் தருகிறது என்பது பெயர்ப்பலகையில் இருக்காது. ஆகவே ஏபிஐ டேக் என்ற அட்ரிபியூட் மூலம் அத்தகைய பங்ஷன்களின் பெயரில் ஒரு முத்திரையை ஒட்டினார்கள். பழையதும் புதியதும் கலந்தால் தெளிவாகப் பிழை காட்டட்டும் என்றுதான்! அதனால் அந்தப் பெட்டியைத் திட்டாதீர்கள்.

சரி, பெட்டி வந்தால் என்ன செய்வது? முதலில் அந்தப் புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்து, மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 போன்ற பெயர்கள் வந்தால், மைக்ரோசாப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் சி++ ரீடிஸ்டிரிபியூட்டபிள் தொகுப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட், 64 பிட் இரண்டையும் போடுவது நல்லது. (வேடிக்கை என்னவென்றால், அங்கே சிஸ்டம்32 என்ற போல்டரில் இருப்பவை 64 பிட் பைல்கள்!) முன்பின் தெரியாத தளங்களில் தனியாகக் கிடைக்கும் டிஎல்எல் பைல்களைத் தொடவே வேண்டாம். பதிப்பும் பொருந்தாது, வைரஸும் வரலாம்.

என் கணக்குப் புரோகிராமை அதன் சிடியிலிருந்து மறுபடி போட்டதும் திறந்தது. கணக்கும் பத்திரமாக இருந்தது. இப்போது கேம் ஓடவில்லை! புரோகிராம் இருக்கும் போல்டரில்தான் விண்டோஸ் பெரும்பாலும் முதலில் தேடும் என்று பிறகு படித்தேன். கேம் சிடியில் இருந்த பைலை கேமின் சொந்தப் போல்டரிலேயே வைத்தேன். இரண்டும் ஓடின.