டின்னின் மேல் எந்த ஊர்ப் பெயரைப் போடுவது?

பங்காருபாளையத்தில் பறித்த தோத்தாபுரி மாம்பழமும் கர்நாடகத்தின் ஸ்ரீநிவாசபுரத்தில் பறித்த தோத்தாபுரியும் கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரா என்று அழைக்கும் அதே பழமும் சித்தூர் மாங்கூழ் ஆலையின் ஒரே தொட்டியில் கலந்துவிடலாம். 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரிக்குத் தடை போட, கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு விவகாரம் போனது. ஆனால் அவ்வளவு சண்டைக்குக் காரணமான விஷயத்தை டின்னில் தேடினால் கிடைக்காது. லேபிள் சட்டம் கேட்பது நாட்டின் பெயரைத்தான். தோட்டம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. சித்தூர், திருப்பதி, புத்தூர் பக்கம் ஊறுகாயோ ஜூஸோ கூழோ போட்டு விற்கத் தொடங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

முதல் வேலை, உங்கள் பொருளின் பிறப்பிட நாடு எது என்று முடிவு செய்வது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020இல் கொண்டுவந்த லேபிள் விதிகளும், உலக நாடுகள் பின்பற்றும் கோடெக்ஸ் தரநிலையும் சொல்வது ஒன்றே: ஒரு உணவு இரண்டாவது நாட்டில் பதப்படுத்தப்பட்டு அதன் தன்மையே மாறிவிட்டால், மாற்றிய நாடுதான் பிறப்பிடம். வெளிநாட்டு கோக்கோவை ஸ்ரீசிட்டிக்குக் கொண்டுவந்து சாக்லேட் ஆக்கினால் அது இந்தியச் சாக்லேட். அதே கணக்கில், சித்தூர் கூழை டிரம்மில் வாங்கி நெதர்லாந்தில் பானம் தயாரித்தால் அந்தப் பானம் நெதர்லாந்துப் பொருளாகிவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு இது கசக்கும், ஆனால் விதி அதுதான்.

கழுவுவதும் தரம் பிரிப்பதும் சின்னப் பாக்கெட்டில் அடைப்பதும் தன்மையை மாற்றுவதாகாது. வளைகுடா நாட்டிலிருந்து பெட்டியாக வந்த பேரீச்சம்பழத்தைத் திருப்பதியில் அரைக் கிலோ பாக்கெட் போடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். வெளிநாட்டில் தயாராகி வந்து இங்கே பாக்கெட் ஆகும் உணவுக்கு நாட்டின் பெயர், இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பாக்கெட் போட்ட இடம் ஆகிய அனைத்தும் லேபிளில் வேண்டும். தேவஸ்தானத்துக்கு வரும் யாத்ரீகர் வாங்கும் பாக்கெட்டில் திருப்பதி முகவரி மட்டும் இருந்தால் அது தப்பு.

அடுத்தது, உள்நாட்டு விற்பனை. இங்கேயே தயாரித்து இங்கேயே விற்கும் பொருளின் டப்பாவில் பிறப்பிட நாட்டுக்கென்று தனி வரி கட்டாயமில்லை. தயாரித்தவரின் முழு முகவரி போதும். ஆனால் ஆன்லைனில் விற்றால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிப்படி விற்பவர் நாட்டின் பெயரையும் தெரிவிக்க வேண்டும். லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தெலுங்கும் தமிழும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உரிமத்தைக் காட்டுமே தவிர, பொருள் விளைந்த இடத்தைக் காட்டாது. பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் என்று கடைக்காரர்களே அடித்துச் சொல்வார்கள். நிறுவனம் பார்கோடு எண்ணை இந்தியாவில் பதிவு செய்து பெற்றிருப்பதை மட்டுமே அது குறிக்கும்.

ரேணிகுண்டா பக்கம் ஆலை வைத்திருப்பவர்கள் பழைய லேபிளின் முகவரியில் சித்தூர் மாவட்டம் என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது.

ஊர்ப் பெயரைப் பெருமையாகப் போட ஆசைப்பட்டால் கவனம் தேவை. திருப்பதி லட்டுக்கு 2009இலும் பங்கனப்பள்ளி மாம்பழத்துக்கு 2017இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உரிமையில்லாதவர் அந்தப் பெயர்களில் விற்க முடியாது. ‘முழுவதும் சித்தூர்ப் பழம்’ என்று அச்சடித்துவிட்டுத் தொட்டியில் கிருஷ்ணகிரிப் பழத்தைக் கலந்தால் அது வாங்குபவரை ஏமாற்றுவது. தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஏற்றுமதிக்கு, சரக்கு போய்ச்சேரும் நாட்டின் விதியைப் பாருங்கள். அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் வெளிநாட்டுப் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் கேட்கிறது. ‘புராடக்ட் ஆஃப் இந்தியா’ என்று போட்டால் சரி. சிக்கல் வேறொரு இடத்தில் வரும். 850 கிராம் டின்னில் விநியோகஸ்தரின் நியூஜெர்சி முகவரி பெரிதாக இருந்து, இந்தியா என்பது எங்கோ மூலையில் பொடி எழுத்தில் இருக்கக் கூடாது. அந்த முகவரிக்கு அருகிலேயே, அதற்கு ஈடான எழுத்தளவில் இந்தியாவின் பெயர் வர வேண்டும். வளைகுடாவுக்கு அரபு மொழியிலும் லேபிள் தேவை. ஐரோப்பாவில் 2020 ஏப்ரல் முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு பானத்தை நெதர்லாந்துத் தயாரிப்பு என்று விளம்பரப்படுத்தி, அதன் முக்கியப் பொருளான மாம்பழம் வேறு நாட்டிலிருந்து வந்திருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். கூழ் விற்பவர்களுக்கு இது நல்ல செய்தி. வாங்கும் நிறுவனம் உங்களிடம் பிறப்பிடத்தை எழுத்தில் கேட்டால் எரிச்சல்படாமல் கொடுங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். லேபிள், இன்வாய்ஸ், பிறப்பிடச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே நாடு, ஒரே தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். 2022 மே முதல் நடப்பிலுள்ள இந்தியா - அமீரக ஒப்பந்தத்தின் வரிச்சலுகைக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். லேபிளை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் முன் மாதிரியை இறக்குமதியாளருக்கு அனுப்பி, எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்கிவிடுங்கள். எந்த லாரிப் பழம் எந்தத் தேதியில் எந்தத் தொகுப்பு எண்ணுக்குப் போனது என்ற பதிவேட்டையும் ஆலையிலேயே வைத்திருங்கள். துறைமுகத்தில் கேள்வி வந்தால் முதலில் கேட்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.