முதல் விலையும் முடிவு விலையும்

படிக்கும் முன்
• உங்கள் வீட்டில் யாராவது பேரம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? எந்தப் பொருளுக்கு?
• பேரம் பேசுவது மற்றவரை ஏமாற்றுவதாகுமா? உங்கள் கருத்து என்ன?

வாசிப்புப் பகுதி

தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதும், தீபாவளிக் கடைகளில் துணி எடுக்கும்போதும் பெரியவர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்போம். அங்கே மிச்சமாவது சில வெள்ளிதான். ஆனால், ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ வாங்கும் மிகப் பெரிய பொருள் வீடு. அங்கே பேசாமல் விட்ட ஒரு சொல்லுக்குப் பல ஆண்டுச் சேமிப்பை விலையாகக் கொடுக்க நேரலாம். சிங்கப்பூரில் வசிப்போரில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் குடியிருக்கின்றனர். கழகத்திடமிருந்து நேரடியாகப் புதிய வீடு வாங்குவோருக்கு விலை பேச இடமில்லை. மறுவிற்பனை வீட்டை வாங்குவோரோ விற்பவரிடம் விலை பேசியே ஆகவேண்டும்.

விலையை முடிவு செய்வது யார்?

மறுவிற்பனை வீட்டின் விலையை அரசாங்கம் நிர்ணயிப்பதில்லை. வாங்குபவரும் விற்பவரும் பேசி ஒத்துக்கொள்வதே விலை. ஆனால், அவ்விலை முழுவதற்கும் கடனோ மத்திய சேமநிதிப் பணமோ கிடைத்துவிடாது. கழகம் அவ்வீட்டிற்கு ஒரு மதிப்பைத் தீர்மானிக்கும். பேசிய விலை, கழகத்தின் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதன் அடிப்படையில்தான் வீட்டுக் கடனும் சேமநிதிப் பயன்பாடும் கணக்கிடப்படும். மதிப்பைவிட விலை கூடினால், அந்த வித்தியாசத்தை ரொக்கமாகவே கட்டவேண்டும்.

முன்பு விற்பவர் வீட்டின் மதிப்பை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு மேல் எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்று கேட்பது வழக்கம். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நடைமுறை மாறியது. இப்போது இருவரும் விலையை ஒத்துக்கொண்டு, விற்பவர் ‘வாங்கும் உரிமைப் பத்திரம்’ வழங்கிய பின்னரே வாங்குபவர் மதிப்பைக் கேட்டு விண்ணப்பிக்க முடியும். ஆகவே, விலை பேசும் நேரத்தில் இரு தரப்பினருக்கும் அந்த மதிப்பு தெரியாது. அவர்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: அண்மையில் அக்கம்பக்கத்து வீடுகள் என்ன விலைக்குக் கைமாறின என்னும் தகவல்.

பேசும் முன் செய்யவேண்டிய வீட்டுப்பாடம்

அந்தத் தகவலைக் கழகமே வெளியிடுகிறது. எந்தப் புளோக்கில், எந்த மாடிகளில், எத்தனை சதுர மீட்டர் வீடு, எந்த மாதத்தில் என்ன விலைக்கு விற்றது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால், எண்களைப் பார்த்தால் மட்டும் போதாது; அவற்றை ஒப்பிடத் தெரியவேண்டும். மூன்றாம் மாடி வீட்டையும் பதினைந்தாம் மாடி வீட்டையும் ஒன்றாகக் கருத முடியாது. பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள புளோக்குக்கும் பேருந்து ஏறிச் செல்லவேண்டிய புளோக்குக்கும் விலை வேறுபடும்.

எஞ்சியுள்ள குத்தகைக் காலமும் முக்கியம். கழக வீடுகளின் குத்தகை 99 ஆண்டுகள். 2019ஆம் ஆண்டு மே மாதம் முதல், வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் சேமநிதிப் பணத்தை முழு வரம்புவரை பயன்படுத்த முடியும். 28 வயதானவருக்குக் குறைந்தது 67 ஆண்டுக் குத்தகை தேவை என்பது இதன் பொருள். பழைய வீடு ஒன்று இந்த அளவுக்குக் கீழே இருந்தால், இளையோர் அதை வாங்கத் தயங்குவர். விலையும் அதற்கேற்ப இறங்கும்.

மேலும், 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் வரம்பு உண்டு. சீனர்களுக்கான வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியர் ஒருவர், அதைச் சீனர் ஒருவருக்கு விற்க இயலாது. அவரிடம் வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைவதால், விற்பதற்குக் கூடுதல் காலம் ஆகலாம். இந்த நிலவரத்தை இரு தரப்பினரும் முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, தங்கள் எல்லை விலையை வாங்குவோர் வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். “இதற்குமேல் ஒரு வெள்ளிகூட முடியாது” என்ற எண்ணைத் தாளில் எழுதி வைப்பது சிறந்தது. அழகிய சன்னலையும் குளிர்ந்த காற்றையும் கண்ட பிறகு முடிவு செய்தால், மனம் கணக்கை மறந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஈசூனில் நான்கறை வீடு ஒன்றை வாங்க விரும்பும் ஓர் இளம் தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். வீடு ஐந்தாம் மாடியில் இருக்கிறது. குத்தகையில் 70 ஆண்டுகள் எஞ்சியுள்ளன. விற்பவர் கேட்கும் விலை 620,000 வெள்ளி. அதே வட்டாரத்தில் கடந்த ஆறு மாதங்களில் இதே அளவுள்ள மூன்று வீடுகள் விற்றுள்ளன. பத்தாம் மாடி வீடு 600,000 வெள்ளிக்கும், ஆறாம் மாடி வீடு 588,000 வெள்ளிக்கும், மூன்றாம் மாடி வீடு 572,000 வெள்ளிக்கும் கைமாறின. இந்த வீட்டின் சமையலறையும் குளியலறைகளும் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. எனவே, 575,000 வெள்ளியில் தொடங்கி, 592,000 வெள்ளிக்கு மேல் போவதில்லை என்று தம்பதியர் முடிவு செய்கின்றனர். பின்னர் அவர்கள் விற்பவரைச் சந்திக்கின்றனர்.

இளைஞர்: வீட்ட ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க ஐயா. எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு.

பெரியவர்: இருபத்தஞ்சு வருஷமா இருக்கற வீடு தம்பி. அக்கம்பக்கமும் நல்ல மாதிரி. 620,000 கேட்டிருக்கோம்.

இளைஞர்: பக்கத்துப் புளோக்குல ஆறாவது மாடி வீடு 588,000-க்குப் போயிருக்கு ஐயா. இங்க சமையலறை, குளியலறை ரெண்டையும் நாங்க மாத்திக் கட்டணும். அதையெல்லாம் கணக்குப் போட்டுப் பாத்தா, 575,000 எங்களுக்குச் சரின்னு படுது.

பெரியவர்: அது ரொம்பக் குறைச்சல் தம்பி. வித்த பணத்துல சேமநிதியில எடுத்ததை வட்டியோட திருப்பிக் கட்டணும். மிச்சத்த வச்சுத்தான் நாங்க போற வீட்டுக்குச் செலவு செய்யணும்.

இளம்பெண்: நீங்க எப்ப வீடு மாறப் போறீங்கம்மா?

மூதாட்டி: அதுதாம்மா எனக்குக் கவலை. தெம்பனிஸ்ல மக வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வீடு வாங்க கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா அங்க புதுப்பிப்பு வேலை முடிய நாளாகும். இத வித்துட்டா, நடுவுல எங்க போய் இருக்கறது?

இளம்பெண்: நாங்க இப்ப என் பெற்றோரோடதான் இருக்கோம். எங்களுக்கு அவசரமில்ல. கழகம் ஒப்புக்கிட்டா, விற்பனை முடிஞ்ச பிறகும் மூணு மாசம் நீங்க இங்கயே இருக்கலாம்.

பெரியவர் மனைவியைப் பார்க்கிறார். சற்று நேரம் பேச்சு நின்றுபோகிறது.

பெரியவர்: அப்படின்னா 595,000 குடுங்க.

இளைஞர்: எங்களால முடிஞ்சது 590,000 ஐயா. இது எங்க சேமிப்பக் கணக்குப் பாத்துச் சொல்றது.

பெரியவர்: சரி தம்பி. முடிச்சுக்குவோம்.

இந்த உரையாடலில் விலையை இறக்கியது குரலின் உரப்பன்று. இளைஞர் “விலை அதிகம்” என்று வெறுமனே சொல்லவில்லை. அருகில் விற்ற வீட்டின் விலையையும் செய்யவேண்டிய வேலையையும் காரணமாகக் காட்டினார். வீட்டைக் குறைகூறி அங்கு வாழ்ந்தவர்களின் மனத்தைப் புண்படுத்தவும் இல்லை. அவர் மனைவி கேட்ட ஒரு கேள்வி, விற்பவர்களுக்குப் பணத்தோடு கால அவகாசமும் தேவை என்பதை வெளிக்கொணர்ந்தது. பொதுவாக மறுவிற்பனை விண்ணப்பத்தைக் கழகம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஏறத்தாழ எட்டு வாரங்களில் விற்பனை நிறைவடையும். வேறொரு வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்துவிட்ட விற்பனையாளர், வாங்குபவர் இசைந்தால், அதற்குப் பின்னும் மூன்று மாதம்வரை தங்க அனுமதி கேட்கலாம். தம்பதியருக்குச் செலவு வைக்காத அந்த மூன்று மாதம், முதியவர்களுக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது.

கணக்கைப் பார்ப்போம்

கழகம் அவ்வீட்டின் மதிப்பை 580,000 வெள்ளி என்று அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்ட் முதல், கழகத்திடம் அதிகபட்சமாக 75 விழுக்காடு கடன் பெறலாம். முழுத் தகுதி இருந்தால், தம்பதியருக்கு 435,000 வெள்ளி கடன் கிடைக்கும். மீதி 145,000 வெள்ளியைச் சேமநிதியிலிருந்தும் ரொக்கமாகவும் கட்டலாம். ஆனால், மதிப்புக்கு மேற்பட்ட 10,000 வெள்ளியை ரொக்கமாகத்தான் கட்டவேண்டும். கேட்ட விலைக்கே, அதாவது 620,000 வெள்ளிக்கே, ஒத்துக்கொண்டிருந்தால் அந்த ரொக்கம் 40,000 வெள்ளியாக இருந்திருக்கும். முத்திரை வரியும் 12,300 வெள்ளிக்குப் பதிலாக 13,200 வெள்ளியாகியிருக்கும்.

ஆக, பேச்சால் மிச்சமான 30,000 வெள்ளி முழுவதும் ரொக்கம்; கடனாலோ சேமநிதியாலோ ஈடுகட்ட முடியாத பணம். சமையலறையைப் புதுப்பிக்கவும், குழந்தை பிறந்தால் வரும் செலவைச் சமாளிக்கவும் அவர்களிடம் இருப்பது அதுதான்.

மதிப்பு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தால் என்ன செய்வது? வாங்கும் உரிமைப் பத்திரத்தைப் பெற வாங்குபவர் 1,000 வெள்ளிக்கு மேற்படாத தொகையைக் கொடுப்பார். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு 21 நாள் உண்டு. அந்நாள்களில் விற்பவர் வேறு யாருக்கும் வீட்டை விற்கக்கூடாது. வாங்குபவர் பின்வாங்கினால், கொடுத்த தொகை திரும்பக் கிடைக்காது. இருப்பினும், கட்ட முடியாத பல்லாயிரம் வெள்ளிக்குக் கடன்படுவதைவிட அந்த இழப்பு சிறியது.

நேர்மை என்னும் எல்லை

விலை பேசும்போது எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. நம் எல்லை விலையை நாம் மறைத்து வைக்கலாம். ஆனால், இல்லாத இன்னொரு வீட்டை இருப்பதாகக் கூறி மிரட்டுவதும், ஒத்துக்கொண்ட பின் சொல் மாறுவதும் முறையாகா. பத்திரத்தில் ஒரு விலையைக் காட்டி, மறைவில் வேறொரு தொகையைக் கைமாற்றுவது சட்டப்படி குற்றமாகும். சொத்து முகவர்களுக்கும் விதி உண்டு: ஒரே வீட்டின் விற்பனையில் ஒரு முகவர் வாங்குபவர், விற்பவர் ஆகிய இருவரையும் பிரதிநிதிக்கக்கூடாது. ஒருவருக்காகக் குறைத்துப் பேசுபவர், அதே நேரத்தில் மற்றவருக்காகக் கூட்டிப் பேச முடியாது அல்லவா?

தகவலைத் திரட்டுவது, எல்லையை வகுப்பது, காரணம் காட்டிப் பேசுவது, எதிரில் இருப்பவரின் தேவையைக் கேட்டறிவது ஆகிய நான்கும் வீடு வாங்கும் நாளில் திடீரென்று வந்துவிடா. குழுப்பணியில் வேலையைப் பிரித்துக்கொள்ளும்போதும், பகுதிநேர வேலையில் நேரத்தைப் பேசி முடிவு செய்யும்போதும் நீங்கள் இவற்றைப் பழகிக்கொள்ளலாம்.

சிந்தித்து விடையளி
1. 2014க்குப் பின் விலை பேசும் முறை எவ்வாறு மாறியது? அதனால் யாருக்கு என்ன நன்மை எனக் கருதுகிறாய்?
2. எல்லை விலையை வீட்டைப் பார்க்கும் முன்னரே முடிவு செய்யவேண்டும் என்று கட்டுரை கூறுவது ஏன்?
3. இளம்பெண் கேட்ட கேள்வி பேச்சின் போக்கை எவ்வாறு மாற்றியது? விளக்குக.
4. வீட்டின் மதிப்பு 570,000 வெள்ளி என்று வந்திருந்தால், தம்பதியர் மதிப்புக்கு மேல் எவ்வளவு ரொக்கம் கட்டவேண்டியிருக்கும்? அவர்கள் அந்த வீட்டை வாங்கலாமா? காரணங்களுடன் எழுதுக.

இணைந்து செய்க
இருவர் விற்பவர்களாகவும் இருவர் வாங்குபவர்களாகவும் நடியுங்கள். ஒவ்வொரு தரப்பினரும் தங்கள் எல்லை விலையையும், பணம் அல்லாத ஒரு தேவையையும் தாளில் எழுதி மறைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் பேசியபின் தாள்களைத் திறந்து, எதிர்த் தரப்பினரின் தேவையை யார் சரியாகக் கண்டுபிடித்தார்கள் என்று கலந்துரையாடுங்கள்.