பண்டிகைகளைப் பிரசங்கிக்கப் போகும் இளையவர்களுக்கு

லேவியராகமம் 23-ஐ எடுத்துத் தொடர் பிரசங்கம் செய்யவேண்டும் என்று உங்களில் பலருக்கு ஆசை. நல்ல ஆசைதான். மேடை ஏறுமுன் சில வார்த்தைகள்.

1. அதிகாரத்தை முதலில் இஸ்ரவேலரின் பண்டிகையாகவே வாசியுங்கள். முதலாம் மாதம் 14-ஆம் தேதி அந்தியில் பஸ்கா, மறுநாள் முதல் ஏழு நாள் புளிப்பில்லாத அப்பம், முதற்பலனான கதிர்க்கட்டு, 50-ஆம் நாளில் வாரங்களின் பண்டிகை. பிறகு ஏழாம் மாதத்தில் எக்காளம், பாவநிவிர்த்தி நாள், கூடாரம். வாற்கோதுமையும் கோதுமையும் அறுத்தவர்களின் காலண்டர் இது. நடுவில் 22-ஆம் வசனம், வயலோரத்து விளைச்சலை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது. எது எதற்கு நிழல் என்று மணிக்கணக்கில் விளக்குகிறவர்கள் இந்த வசனத்தைத் தொடுவதே இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலம் நடக்கிற நம் சபைகளில் இதைவிடப் பொருத்தமான வசனம் எது?

2. புதிய ஏற்பாடு தானே காட்டுகிற தொடர்பைத் தயங்காமல் சொல்லுங்கள். 1 கொரிந்தியர் 5-இல் கிறிஸ்து பஸ்கா, 15-இல் முதற்பலன். பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒருமுறை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவதை எபிரெயர் 9 விளக்குகிறது. வாரங்களின் பண்டிகையான பெந்தெகொஸ்தேயின் இரண்டு புளித்த அப்பங்கள் யூதரையும் புறஜாதியாரையும் குறிக்கின்றன என்பதோ அழகான யூகம். யூகம் என்றே சொல்லுங்கள்.

3. யோவான் 7-இல் நிதானமாக நில்லுங்கள். கூடாரப்பண்டிகை மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் வரும். சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள் என்கிறது யூத ரபீக்களின் சட்டத்தொகுப்பான மிஷ்னா. பெண்கள் பிராகாரத்தில் பெரிய விளக்குகள் ஏற்றுவார்கள். ஆசாரியர்களின் நைந்த உடைகளைக் கிழித்துத் திரி போட்டார்களாம். எருசலேமின் முற்றங்களெல்லாம் அந்த வெளிச்சம். அந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எழுந்து நின்று தாகமுள்ளவர்களைக் கூப்பிடுகிறார். அடுத்த அதிகாரத்தில் தம்மை உலகத்தின் ஒளி என்கிறார். சடங்கு தெரியாமல் வாசித்தால் பொதுவான உபதேசம் போலத்தான் இருக்கும். தெரிந்து வாசித்தால், கூடியிருந்தவர்கள் ஏன் பிளவுபட்டார்கள் என்பது விளங்கும்.

4. இன்றைய யூத வீடுகளின் பஸ்கா விருந்தை அப்படியே மேல்வீட்டறையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். மூன்று அப்பம் திரித்துவம், நடு அப்பத்தை உடைத்து ஒளித்துவைப்பது அடக்கம் என்று பேசினால் சபை அசந்துபோகும். ஆனால் அந்த விருந்து முறை, கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னாவில் நான்கு கிண்ணங்கள் உண்டு. இந்த மூன்று அப்ப விளக்கம் இல்லை. இன்னொன்று: முதல் மூன்று சுவிசேஷங்களில் கடைசி இராப்போஜனமே பஸ்கா விருந்து. யோவான் 18:28-இலோ, இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோனவர்கள் இனிமேல்தான் பஸ்கா புசிக்கவேண்டும். இந்த வித்தியாசத்தை மறைக்காதீர்கள்.

5. தேதி குறிக்காதீர்கள். வசந்தகாலப் பண்டிகைகள் முதல் வருகையில் நிறைவேறின, ஏழாம் மாதத்தவை இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கின்றன என்பது ஒரு சாரார் விளக்கம். நம்பிக்கையாகச் சொல்லலாம், கணக்காக்கக் கூடாது. பாவநிவிர்த்தி நாளைக் கணக்கிட்டு அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் ஆட்கள் இயேசுவின் வருகைக்காக 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்தார்கள். எட்கர் விசெனன்ட் 1988-இன் எக்காளப் பண்டிகையைக் காட்டி, வருகை அப்போதே என்பதற்கு 88 காரணம் எழுதினார். விடிந்தபோது எல்லாரும் இங்கேயேதான் இருந்தார்கள்.

6. நிறைவேறியது என்று சொல்லும்போது யூதரை இகழாதீர்கள். 386-87-இல் அந்தியோகியாவில் கிறிஸ்தவர்களே யூதப் பண்டிகைகளுக்குப் போனார்கள். அதைத் தடுக்க அங்கே பிரசங்கியாயிருந்த கிறிசோஸ்தம் செய்த பிரசங்கங்களில் யூதர்மேல் வசைமாரி. பிற்காலத்தில் ஐரோப்பாவில் பஸ்கா சமயத்திலேயே, யூதர்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளின் இரத்தத்தைத் தேடுகிறார்கள் என்ற பொய்ப்பழி கிளம்பி உயிர்களைக் குடித்தது. பாவநிவிர்த்தி நாள் பிற்பகலில் இன்றும் ஜெப ஆலயங்களில் யோனாவின் புஸ்தகத்தை வாசிக்கிறார்கள். செத்துப்போன சடங்கு என்று எந்த வாயால் சொல்வது?

7. ஏழு என்ற எண்ணுக்குள் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். எஸ்தரின் பூரீமும், யோவான் 10:22-இல் குளிர்காலத்தில் வரும் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையும் லேவியராகமத்தில் இல்லை. இரண்டாவதன் கதை 1 மக்கபேயர் 4-இல் இருக்கிறது. நம் வேதாகமத்தில் அந்த ஆகமம் இல்லாவிட்டால் என்ன, கத்தோலிக்க நண்பரிடம் வாங்கி வாசியுங்கள்.