முகச் சிவப்பும் கடைக் களிம்பும்



மயிலாப்பூர் மாட வீதிகளில் வெயிலில் நடந்து வீடு திரும்பியதும் முகம் காந்துகிறதா? கன்னத்திலும் மூக்கிலும் பருப்போன்ற கொப்புளங்கள் தங்கிவிடுகின்றனவா? இது ரோசேசியா என்னும் தோல்நோயாக இருக்கலாம். மாநிறத்தாரிடம் சிவப்பு எளிதில் தெரியாது. எரிச்சலைக் கொண்டே பெரும்பாலும் அறிகிறோம். இது அசுத்தத்தால் வருவதல்ல, பிறருக்குத் தொற்றுவதுமல்ல.

வெயில், அடுப்பு வெக்கை, சூடான காபி, காரம், மது, மனக்கவலை ஆகியவை இதைத் தூண்டும். இவற்றில் உங்களுக்கு ஒவ்வாதது எது என்று குறித்துவையுங்கள்.

தியாகராய நகர் துணிக்கடை ஒன்றில் வேலை செய்யும் ஓர் இளம் சகோதரி முந்தானையால் முகத்தை மூடியபடி எங்களிடம் வந்தார். திருமணம் நெருங்கியதால், மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிய களிம்பைப் பூசியிருந்தார். முதல் வாரம் முகம் பளபளத்தது. நிறுத்தியதும் முன்னைவிடச் சிவந்தது, மறுபடி பூசினார். ஓராண்டு இப்படியே சென்றது.

அக்களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. அது நாளடைவில் தோலை மெலியச் செய்து, ரோசேசியா போன்ற நோயைத் தானே உண்டாக்கும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது.

ஏற்கெனவே பூசுகிறீர்களா? நிறுத்தும் முறையைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். ரோசேசியாவுக்கு மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம் போன்ற தக்க மருந்துகள் உண்டு. வெயிலில் குடை பிடியுங்கள். கண்ணும் எரிந்தால் தாமதியாதீர்கள்.

அச்சகோதரி தேற பல மாதங்கள் ஆயின. பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் சொல்லிவையுங்கள்.