காத்திருக்கும் வெந்நீர்

நம் இல்லங்களிற் கீசரென வழங்கும் வெந்நீர்க்கலம், ஒருவரும் நீராடாத வேளையிலும் மின்சாரத்தைச் செலவிடுகின்றது. அதன் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வெப்பம் மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்குச் செல்வது இயற்கை. கலத்தைச் சூழ்ந்த காப்புறை அதனைத் தாமதிக்கச் செய்யுமேயன்றி முற்றுந் தடுக்காது. நீர் சற்றே ஆறியவுடன் தெர்மாஸ்டாட்டென்னுங் கருவி மின்சாரத்தை இணைத்து மீண்டுஞ் சூடேற்றும். சுவிட்சை அணையாதிருப்பின் இஃது இரவும் பகலும் நிகழும். 25 லிட்டர் நீர் 25 பாகையினின்று 60 பாகைக்கு ஏற ஏறக்குறைய 1 யூனிட் வேண்டும். அந்நீர் வீணே ஆறின் அந்த யூனிட்டும் வீணே. 24 மணி நேரத்தில் நேரும் இவ்விழப்பை அளந்தே கீசர்களுக்கு நட்சத்திரக் குறி வழங்கப்படுகின்றது.

இஃது அற்பமன்று. எம்மூராகிய சேத்தியாத்தோப்புக்கு அண்மையிலுள்ள நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்குகின்றனர். அச்சுரங்க விரிவின்பொருட்டே 2023 ஜூலையில், வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களிற் பரவனாற்றைத் திருப்புங் கால்வாய் வெட்டப்பட்டது. வயலை விலையாகக் கொடுத்துப் பெற்ற மின்சாரம் குளியலறைச் சுவரைச் சூடாக்கி ஒழிதல் தகுமோ? ஆதலின், நீராடுதற்குச் சற்று முன்னர்ச் சுவிட்சை இட்டு, நீர் சூடேறியதும் அணைப்போமாக.