பல்லாவரத்துக் கற்கோடரியும் சுடுமண் பேழையும்



பண்டைய நாகரிகம் என்றவுடன் நம் எண்ணம் எகிப்தின் பிரமிடுகளுக்கும் சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிற்கும் செல்கின்றது. தமிழகம் என்றால் ஆதிச்சநல்லூரும் கீழடியும் நினைவிற்கு வருகின்றன. தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல், பல்லாவரம் ஆகிய இடங்களில் வாழும் நம்மில் பலர், வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து பணியின் பொருட்டு வந்து குடியேறியவர்கள். "நம் பழைமையெல்லாம் ஊரில் இருக்கின்றது, இங்கே இருப்பவை வெறும் வீட்டு மனைகளே" என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அவ்வெண்ணம் பிழையானது என்பதைக் காட்டும் இரண்டு பொருள்களைப் பற்றி இங்கே சிந்திப்போம்.

தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறி எழும்பூர் செல்பவர் பல்லாவரத்தைக் கடந்தே செல்லவேண்டும். அவ்விரு பொருள்களும் வெளிப்பட்ட இடம் அதுவே.

கற்கோடரி

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் 28 அகவை இளைஞர், பல்லாவரம் படைமுகாமின் திடலருகே சரளை தோண்டப்பட்ட குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அக்கல் இயற்கையாக உடைந்தது அன்று. மனிதன் கையால் செதுக்கப்பட்டது. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று இனங்காணப்பெற்ற முதற்பொருள் அதுவே.

அக்காலத்தில் இஃது எளிய செய்தியன்று. பிரான்சு நாட்டு ஆற்றுச் சரளையில் கிடைத்த செதுக்கு கற்கள், அழிந்துபோன விலங்குகளின் காலத்து மனிதனுடையவை என்பதை ஆங்கில அறிஞர்கள் ஏற்றுக்கொண்டதே 1859இல்தான். நான்கே ஆண்டுகளில் பல்லாவரமும் அச்சான்றில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட், தம் துணைவர் வில்லியம் கிங்குடன், கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டார்.

ஒரு கல்லைக் கருவியாக்குவதில் என்ன அறிவு இருக்கின்றது என்று கேட்கலாம். முதலில் தக்க கல்லைத் தெரிந்தெடுக்க வேண்டும். பின்னர், எங்கே தட்டினால் எவ்வளவு சில்லு பெயரும் என்பதை முன்கூட்டியே மனத்திற் காணவேண்டும். இருபுறமும் மாறி மாறித் தட்டி, இரு பக்கமும் ஒத்து, கைக்கு அடங்கும் வடிவம் கொணரவேண்டும். ஓர் அடி தவறினும் கல் பிளந்துவிடும். இன்னும் பிறவாத வடிவத்தை உள்ளத்திற் கண்டவனே இதனைச் செய்ய இயலும்.

சுடுமண் பேழை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரீ, பல்லாவரம் குன்றை ஒட்டிய பகுதியில் ஈமப்பேழைகளை அகழ்ந்தெடுத்தார். இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைத்த சுடுமண் பேழைகள் அவை. பெருங்கற்காலம் எனப்படும் அக்காலம் இன்றைக்கு 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. தொட்டி போன்ற நீண்ட உடலும், அடியில் வரிசையாகக் குட்டைக் கால்களும், மேலே மூடியும் உடையது அப்பேழை. பல்லாவரத்துப் பேழையை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

எந்தக் குயவரைக் கேட்டாலும் கூறுவார்: சிறு சட்டியைச் சுடுவது எளிது, தடித்த சுவருடைய பெரும் பாண்டத்தைச் சுடுவது அரிது. ஒருபுறம் விரைவாகவும் மறுபுறம் மெதுவாகவும் உலர்ந்தால் வெடிப்பு விழும். வெப்பம் ஒரே சீராகப் பரவாவிடில் சூளையிலேயே சிதறும். நீண்ட பேழையைக் கால்களோடு முழுமையாகச் சுட்டெடுத்தவர் கைதேர்ந்த தொழிலறிஞர் என்பதில் ஐயமில்லை. அக்காலக் கல்லறைகளில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கலங்களும் கிடைக்கின்றன. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறம் கறுக்கும்; காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். நெருப்பையும் காற்றையும் அளந்து ஆண்ட கலை அது.

புறநானூற்றுப் பாடல் ஒன்றில், கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகின்றாள். இப்பேழைகளின் பின்னே அத்தகைய துயரமும் அன்பும் நிற்கின்றன.

இடம் இழந்தால் சாட்சியம் இழப்போம்

அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையில் நிகழ்ந்த அகழாய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. அங்குள்ள கற்கருவிகளில் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என அறியப்பட்டது. கல் நிலத்தின் மேலே கிடக்கும்போது, விண்வெளிக் கதிர்களால் அதனுள் சில அரிய அணுக்கள் உண்டாகின்றன. கல் மண்ணுள் ஆழப் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் குறைகின்றன. எஞ்சிய அளவை ஒப்பிட்டால் புதைந்த காலம் தெரியும். எந்த அடுக்கில் எவ்வாறு கிடந்தது என்பது தெரிந்தால்தான் இக்கணக்குப் பொருள் தரும். இடத்தைக் குறிக்காமல் பெயர்த்தெடுத்த கல், பெயர் இல்லாத சாட்சியாகிவிடும்.

இதனை எம் அனுபவத்தினின்றே கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்தில் நிலத்தடி நீர்த்தொட்டிக்குப் பள்ளம் தோண்டியபோது, உட்புறம் கறுத்த சிவப்பு ஓடுகளும் குட்டையான மண்கால் ஒன்றும் வெளிவந்தன. ஏதோ உடைந்த பூந்தொட்டி என்று எண்ணினோம். மாலைக்குள் அவை மண்ணோடு லாரியில் சென்றுவிட்டன. பின்னர்ப் பிள்ளைகளுடன் அருங்காட்சியகம் சென்று, பேழையின் கால்களைக் கண்ட அன்றுதான், எறிந்தது எதுவாக இருந்திருக்கக்கூடும் என்று விளங்கிற்று. எம் இளைய மகள், "அந்தக் காலை எங்கே போட்டோம் அப்பா?" என்று வினவினாள். விடை கூற இயலவில்லை.

நம் அறம் கூறுவது

ஆதிபகவன் மக்கட்குக் கற்பித்த அறுதொழில்களுள் சில்பம் எனும் கைத்தொழிலும் ஒன்று என்பதை நாம் அறிவோம். கைத்தொழிலின் அருமையைப் போற்றுவது நமக்குப் புதிதன்று. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கள்ளாமை என்னும் அணுவிரதத்தை விளக்குகையில், பிறர் வைத்த பொருளையும், தவறி விழுந்த பொருளையும், மறந்துவிட்ட பொருளையும் கொடாமற் கொள்ளலாகாது என்கின்றார். மண்ணில் புதைந்த முன்னோர் பொருள் இம்மூன்றினும் அடங்கும். அதனை விற்பது மட்டுமன்று, அறியாமல் அழிப்பதும் வருந்தத் தக்கதே.

காத்தளித்த பெருமையும் நமக்கு உண்டு. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலின் சமயப் பொருளை அவருக்கு விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமண அன்பர்கள். பொருள் அறிந்து போற்றியோர் இருந்தமையால் அந்நூலின் பொருள் விளங்கிற்று. ஓலைக்குக் காட்டிய அவ்வன்பை ஓட்டிற்கும் காட்டுவோமாக.

ஆகவே, மனையில் தோண்டும்போது பழைய ஓடோ, பேழையோ, எலும்போ தென்பட்டால் வேலையை நிறுத்துக. இருந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துப் படம் எடுத்துக்கொள்க. வட்டாட்சியருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க. நிலத்தில் புதைந்து கிடைக்கும் 10 ரூபாய் மதிப்பிற்கு மேற்பட்ட எப்பொருளையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். எலும்பு கிடைப்பின், அது நம்மைப் போன்று வாழ்ந்த உயிரினுடையது என்னும் பணிவோடு கையாள்க.

வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எழும்பூர் செல்லுங்கள். வழியில் பல்லாவரம் நிலையம் வரும்போது, 1863இல் ஒருவர் குனிந்து ஒரு கல்லை உற்று நோக்கிய இடம் இது என்று கூறுங்கள். அவருக்கு முன்னும் எத்தனையோ பேர் அக்குழியைக் கடந்து சென்றிருப்பார்கள்.

சிறுவர் சிந்திக்க:

1. பல்லாவரத்தில் கண்டெடுத்த கல் மனிதன் செதுக்கியது என்பதன் சிறப்பு யாது?
2. ஒரே கலம் உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் ஆவது எவ்வாறு?
3. கள்ளாமை விரதத்திற்கும் புதைபொருளுக்கும் உள்ள தொடர்பு யாது?

அறம் வளர்க!