சுறாவுக்கு ஒரு விதி

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு. அதற்கென 1981ல் வந்த 'ஃபீண்ட் ஃபோலியோ' தொகுப்பின் அரக்கர்களில் பலர், இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றின் வாசகர்கள் எழுதி அனுப்பியவர்கள்.

அதுபோல நாங்க நாலு பேர் திரேஸ்புரத்துச் சுறாவை எழுதினோம். பலத்தைவிட, அதை அடக்கும் விதிதான் முக்கியம். அது இல்லேன்னா ஆட்டமே கிடையாது. விதி மார்க்கோ போலோ குறிப்பில் கிடைத்தது: முத்துக்குளிப்பில் மந்திரத்தால் பெரிய மீன்களைக் கட்டுபவருக்கு 20ல் ஒரு பங்கு முத்து. கட்டு பகலுக்கு மட்டுமே, இரவில் அவிழ்த்துவிடுவார்கள்.

சங்கு குளித்த தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். "சுறா கெடக்கட்டும்ல, மூச்சை எங்க எழுதியிருக்க?" என்றார். அவர் தம்பி மூச்சு முட்டித்தான் போனார்.

மூச்சுக்குத் தனிப் பகடை வைத்தோம். எழுதியவர் வரிசையில் ஐந்தாவது பெயர் தாத்தாவுடையது.